பர்கர் கடைக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது?

கேள்வி இதுதான்: "மெக்டொனால்ட்ஸ் மாதிரியான கடைகளுக்கு உருளைக்கிழங்கு, பன், கோழி, லெட்டியூஸ் எல்லாம் எங்கிருந்து வருகின்றன? சென்னையிலும் டெல்லியிலும் ஒரே ருசி எப்படி? எங்கள் பக்கத்து விவசாயி யாராவது இதற்குள் நுழைய முடியுமா?"

உணவுப் பதப்படுத்தல், குளிர்பதனக் கிடங்கு என்று இந்தத் துறையிலேயே பல வருடங்களாக வேலை பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மெக்டொனால்ட்ஸ் இந்தியாவுக்கு வந்த கதையை எடுத்துக்கொண்டால் மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். நம்ம ஊர் ஓட்டல்காரர் விடியற்காலையில் கோயம்பேடு போகிறார். கத்தரிக்காய் நன்றாக இல்லையென்றால் அன்றைக்கு முருங்கைக்காய் சாம்பார். வெங்காயம் தீர்ந்துபோனால் பையனை அனுப்பிப் பக்கத்துக் கடையில் இரண்டு கிலோ வாங்கிக்கொள்வார். பர்கர் கடை மேலாளருக்கு இந்த இரண்டும் கிடையாது. வெளியிலிருந்து ஒரு கிலோ வெங்காயம்கூட அவர் வாங்க முடியாது. அவருக்குச் சந்தை என்பது வாரத்தில் இரண்டு மூன்று முறை பின்வாசலில் வந்து நிற்கிற குளிர்பதன லாரி மட்டும்தான். அந்த லாரியில் ஏறுகிற ஒவ்வொரு பொருளும் யாரிடமிருந்து, எந்த அளவில், எந்தச் சூட்டில் வர வேண்டும் என்று பல வருடங்களுக்கு முன்பே முடிவாகியிருக்கும். இந்த மாதிரி நிறுவனங்கள் சந்தையில் சரக்கைத் தேடுவதில்லை. சரக்கைத் தயாரித்துத் தரக்கூடிய ஆளைத் தேடுகின்றன. ஆள் கிடைக்காவிட்டால் உருவாக்குகின்றன.

இந்தியாவில் முதல் கடை 1996 அக்டோபரில் டெல்லி வசந்த் விஹாரில் திறந்தது. வேலை தொடங்கியதோ அதற்குச் சுமார் ஆறு வருடங்களுக்கு முன்பு. கடை வைக்க இடம் தேடுவதற்கு முன்னாலேயே சரக்கு கொடுக்க ஆள் தேடினார்கள். அப்போது இங்கே என்ன இருந்தது? ஐஸ்பெர்க் லெட்டியூஸ் (பர்கருக்குள் வைக்கிற, முட்டைக்கோஸ் மாதிரி உருண்ட கீரை) குளிர்காலத்தில் ஏதோ கொஞ்சம் விளையும். ஒரே விட்டத்தில், ஒரே உயரத்தில் ஆயிரக்கணக்கில் பன் சுடுகிற பேக்கரி கிடையாது. மைனஸ் 18 டிகிரியில் சரக்கு ஏற்றி, அதே மைனஸ் 18-ல் இறக்குகிற லாரிப் போக்குவரத்து அநேகமாக இல்லை. மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகு, அமெரிக்காவில் இருந்த பட்டியலில் பாதி இங்கே உதவாது. மயோனைசைக்கூட முட்டை இல்லாமல் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் இறக்குமதி செய்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். அதற்கு ஐஸ்லாந்து ஒரு நல்ல பாடம். அங்கே மெக்டொனால்ட்ஸுக்கான சரக்கில் பெரும்பகுதி ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2008 நிதி நெருக்கடியில் அந்த நாட்டு நாணயம் சரிந்தது, இறக்குமதிச் செலவு தாங்கவில்லை, 2009 அக்டோபர் கடைசியோடு மூன்று கடைகளையும் மூடினார்கள். வாடிக்கையாளர் வராததால் மூடியதல்ல. எதிர்ப்பக்கத்தில் மாஸ்கோ. 1990 ஜனவரி 31 அன்று புஷ்கின் சதுக்கத்தில் முதல் கடை திறப்பதற்கு முன்பே, நகரின் ஓரத்தில் சோல்ன்ட்செவோ என்ற இடத்தில் பன் சுடுவது, இறைச்சி அரைப்பது, பால் பதப்படுத்துவது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெரிய தொழிற்சாலையைத் தாங்களே கட்டினார்கள். சோவியத் பொருளாதாரத்தில் வெளியே நம்பி வாங்க ஆள் இல்லை என்பதால் அந்த வழி. இந்தியாவில் எடுத்தது நடு வழி: தாங்கள் கட்டவில்லை, இங்கே ஏற்கெனவே சிறிய அளவில் தொழில் செய்துகொண்டிருந்தவர்களைப் பிடித்து வளர்த்தார்கள்.

பன்னுக்குக் கிடைத்தவர் ரஜினி பெக்டர். லூதியானாவில் வீட்டிலேயே ஐஸ்கிரீமும் பிஸ்கட்டும் செய்து விற்கத் தொடங்கிய பெண்மணி. அவர் வளர்த்த கிரெமிகா நிறுவனம் பஞ்சாபில் பில்லௌர் ஊரிலிருந்து பன்னும் சாஸும் கொடுக்க ஆரம்பித்தது. 2020 டிசம்பரில் அந்தக் குடும்பத்தின் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது, 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பாலாடைக்கட்டிக்கு பாராமதியில் டைனமிக்ஸ் டெய்ரி. பர்கருக்கு நடுவில் வைக்கிற வடை மாதிரியான கோழி, காய்கறி பேட்டீஸுக்கு மும்பையை ஒட்டிய தலோஜாவில் விஸ்டா நிறுவனம். அங்கே சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனி உற்பத்தி வரிசை. கடைக்குள்ளும் சமையலறையில் அதே பிரிவு தொடர்கிறது, சைவப் பக்கம் நிற்பவர்களுக்குப் பச்சை ஏப்ரன். லெட்டியூஸுக்கு புனேக்குப் பக்கத்தில் தளேகாவில் திரிகாயா பண்ணை. விதை, நாற்று, நீர் விடுகிற முறை என்று எல்லாவற்றிலும் உட்கார்ந்து வேலை செய்து, குளிர்காலப் பயிரை வருடம் முழுக்க விளைகிற பயிராக மாற்றினார்கள். ஆரம்ப நாட்களில் கடைகளுக்கு லெட்டியூஸ் அனுப்பிய ஊர்களில் நம் ஊட்டியும் ஒன்று. நீலகிரியின் குளிர் அதற்கு அப்படிப் பொருந்தும்.

உருளைக்கிழங்குதான் கடைசி வரை மல்லுக்கட்டியது. இந்த விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் "இந்தியாவில்தான் உருளைக்கிழங்கு கொட்டிக் கிடக்கிறதே, அப்புறம் எதற்கு வெளியிலிருந்து?" என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

நாம் பொரியலுக்கு வாங்குகிற கிழங்கில் தண்ணீர் அதிகம். அதைப் பிரெஞ்சு ஃப்ரைஸாக நறுக்கி எண்ணெயில் போட்டால் தண்ணீர் வெளியேறும், அந்த இடத்தில் எண்ணெய் ஏறும், துண்டு தொளதொளவென்று மடங்கும். ஃப்ரைஸுக்கு வேண்டிய கிழங்கில் நீர் நீங்கலாக உள்ள திடப்பொருள் 20 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். கிழங்கு நீளமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் துண்டு குட்டையாகிவிடும். இதையெல்லாம் விட முக்கியம் சர்க்கரை. கிழங்கில் இயல்பாக இருக்கிற குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கூடிவிட்டால் பொரிக்கும்போது உள்ளே வேகும் முன்பே வெளியே கறுத்துவிடும், கசக்கும். நம் நாட்டுக் கோல்ட் ஸ்டோரேஜ்களில் பெரும்பாலானவை உருளையை 2 முதல் 4 டிகிரியில் வைப்பவை. முளைக்காமல் இருக்க அது நல்ல வழிதான். ஆனால் அந்தக் குளிரில் கிழங்கு தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. கோல்ட் ஸ்டோரேஜ் கிழங்கு இனிக்கிறது என்று வீட்டில் சொல்வார்களே, அதற்குக் காரணம் இதுதான். ஆகவே ஃப்ரைஸ் கிழங்கை 8 முதல் 12 டிகிரி வரை வைத்து, முளைப்பைத் தனியாகக் கட்டுப்படுத்த வேண்டும். ரகம் மாற வேண்டும், மண் பொருந்த வேண்டும், கிடங்கும் மாற வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த வருடத்துச் சரக்கு போச்சு.

இந்த வேலையை எடுத்துக்கொண்டது கனடாவின் மெக்கெய்ன் நிறுவனம். 1990-களின் கடைசியிலேயே இங்கே சோதனைப் பயிர் வைக்கத் தொடங்கினார்கள். ஷெப்போடி, கென்னபெக், சாந்தானா போன்ற ரகங்களை வைத்துப் பார்த்து, கடைசியில் குஜராத்தின் வடக்கே வந்து நின்றார்கள். மேசானா, பனாஸ்காண்டா, சபர்காண்டா பக்கம் மணல் கலந்த மண், குளிர்காலத்தில் இரவு நன்றாகக் குளிரும். அக்டோபர், நவம்பரில் நட்டு பிப்ரவரி, மார்ச்சில் எடுத்துவிடலாம். பாசனத்தை வாய்க்காலிலிருந்து சொட்டுநீருக்கும் தெளிப்புநீருக்கும் மாற்ற வைத்தார்கள். மேசானா மாவட்டத்தில் தொழிற்சாலை 2007-ல் ஓடத் தொடங்கியது. அதாவது முதல் கடை திறந்து பதினோரு வருடம் கழித்து. அதுவரை ஃப்ரைஸ் கப்பலில்தான் வந்தது. ஒரு பொருளுக்காக இவ்வளவு காலம் காத்திருந்தது எனக்கு இன்றும் மரியாதை தருகிற விஷயம். நம் அரசு ஆராய்ச்சியாளர்களும் சும்மா இருக்கவில்லை. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் ஃப்ரைஸுக்கென்றே குஃப்ரி ஃப்ரைசோனா என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது.

தொழிற்சாலைக்குள் கிழங்கு படுகிற பாடு தெரிந்தால் கடையில் ருசி மாறாததன் ரகசியம் புரியும். நீராவியில் தோல் உரியும். தண்ணீரின் வேகத்தில் குழாய்க்குள் பாய்ந்து போகிற கிழங்கு கத்திக் கட்டத்தில் மோதி நீளநீளமாக வெட்டுப்படும். வெந்நீரில் போட்டு எடுக்கும்போது அதிகச் சர்க்கரை கரைந்து வெளியேறும். நிறம் எல்லாத் துண்டிலும் ஒரேபோல வருவதற்காகச் சில தொழிற்சாலைகளில் அளந்த அளவு டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரையை மீண்டும் சேர்ப்பதும் உண்டு. அப்புறம் காயவைத்து, அரை வேக்காடு பொரித்து, உறைய வைப்பார்கள். சமையலில் பெரும்பங்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. கடையில் இருக்கிற பத்தொன்பது வயதுப் பையன் கூடையை எண்ணெயில் இறக்கி, மணி அடித்ததும் தூக்குகிறான். கைப்பக்குவத்தை நம்பி இந்தத் தொழில் நடப்பதில்லை, அதனால்தான் சென்னையிலும் டெல்லியிலும் ஒரே ருசி. கைப்பக்குவம் உள்ள சமையல்காரரை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவரை நானூறு கடைக்கு நகல் எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

தொழிற்சாலைக்கும் கடைக்கும் நடுவில் ஒருவர் இருக்கிறார். வெளியில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது, ஆனால் முழுப் பாரமும் அவர் தோளில். இந்தியாவில் மெக்டொனால்ட்ஸுக்கு அந்த வேலையை நீண்ட காலம் செய்தது ராதாகிருஷ்ணா ஃபுட்லேண்ட். எல்லா சப்ளையரும் தங்கள் சரக்கை அவர்களுடைய விநியோக மையத்துக்கு அனுப்புவார்கள். கடைகள் அங்கே ஆர்டர் போடும். ஒரே லாரியில் தடுப்பு வைத்து மூன்று பகுதி: உறைந்த சரக்கு, 1 முதல் 4 டிகிரி வரை குளிர்ந்த சரக்கு, சாதாரண சூட்டில் இருக்கிற உலர் சரக்கு. ஃப்ரைஸ், சீஸ், பேப்பர் கப் மூன்றும் ஒரே நடையில் வந்துவிடும்.

அந்த லாரி கடைக்கு வந்து நிற்கிற நேரத்தைப் பார்த்தால் இந்தத் தொழிலின் குணம் தெரியும். கதவைத் திறந்ததும் மேலாளர் எண்ணிக்கை பார்ப்பதில்லை. முதலில் கையில் எடுப்பது கம்பி வைத்த தெர்மாமீட்டர். உறைந்த அட்டைப் பெட்டிகளில் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்தி வைத்து, நடுவில் கம்பியைச் செருகி, எண் நிற்கும்வரை காத்திருப்பார். பெட்டியின் மூலையில் பனித்துகள் கட்டியாக உறைந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பார். இருந்தால் நடுவழியில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். டிரைவர் டீசல் மிச்சம் பிடிக்கக் குளிரூட்டியை அணைத்தாரா என்பதை லாரிக்குள் இருக்கிற பதிவுக் கருவி சொல்லிவிடும். எண் தப்பினால் மொத்தச் சரக்கும் திரும்பிப் போகும். இறக்கியதும் உறைந்தது முதலில் உள்ளே, அப்புறம் குளிர்ந்தது, கடைசியில் உலர் சரக்கு. பழைய பெட்டி முன்னால், புதுப் பெட்டி பின்னால். முதலில் வந்தது முதலில் போக வேண்டும்.

சாப்பிடாத சரக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிர்பானம் பாட்டிலில் வருவதில்லை, பையில் சிரப்பாக வருகிறது, வாயுவும் வடிகட்டிய தண்ணீரும் கடையிலேயே கலக்கப்படுகின்றன. கப், பெட்டி, டிஷ்யூ எல்லாமே அந்த விநியோக மையம் வழியாகத்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோதும், 2022 ஜூலை 1-ல் நாடு முழுக்க வந்தபோதும், உணவுக் கடைகள் ஸ்ட்ராவிலிருந்து ஸ்பூன் வரை மாற்ற வேண்டியிருந்தது.

விலை எப்படிப் பேசுகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாத பகுதி. டெண்டர் போட்டு யார் குறைவோ அவரிடம் வாங்குவது இவர்கள் வழக்கமில்லை. சப்ளையர் தன் கணக்கைத் திறந்து காட்டுவார்: மாவு இவ்வளவு, கரண்ட் இவ்வளவு, கூலி இவ்வளவு. அதன்மேல் பேசி வைத்த லாபம். கோதுமை விலை ஏறினால் பன் விலை ஏறும், இறங்கினால் இறங்க வேண்டும். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸைப் பெரிய நிறுவனமாக வளர்த்த ரே கிராக் காலத்திலிருந்தே வருகிற பழக்கம் இது. ஐடஹோ மாநில உருளைக்கிழங்குத் தொழிலதிபர் ஜே. ஆர். சிம்ப்ளாட் 1960-களில் அவருக்கு உறைந்த ஃப்ரைஸ் தர ஒப்புக்கொண்டது கைகுலுக்கலில்தான் என்பது அந்தத் துறையில் எல்லோரும் சொல்கிற செய்தி. இதில் சப்ளையருக்குக் கிடைப்பது கொழுத்த லாபம் அல்ல, பத்து வருடம் கழித்தும் ஆர்டர் இருக்கும் என்கிற தைரியம். அந்தத் தைரியம் இருந்தால்தான் ஒருவர் கடன் வாங்கிப் புது உற்பத்தி வரிசை போடுவார். நான் பார்த்தவரை, நம் ஊரில் பெரிய வாங்குபவர்கள் பலர் தவறவிடுவது இதைத்தான். இரண்டு ரூபாய் குறைவுக்கு ஆளை மாற்றுவார்கள், அப்புறம் தரம் நிலையாக இல்லை என்று வருத்தப்படுவார்கள்.

ஆனால் ஒரே ஆளை நம்பி நிற்பதில் ஆபத்து இல்லையா? நிச்சயம் இருக்கிறது. பிரிட்டனில் 2018 பிப்ரவரியில் கேஎஃப்சி தன் விநியோகத்தை பிட்வெஸ்ட் என்ற நிறுவனத்திடமிருந்து டிஎச்எல் நிறுவனத்துக்கு மாற்றியது. முன்பு ஆறு கிடங்கு இருந்த இடத்தில் ரக்பி ஊரில் ஒரே கிடங்கு. மாறிய அன்றே பக்கத்து நெடுஞ்சாலையில் விபத்து, லாரிகள் நின்றன, கிடங்கிலும் குழப்பம். அங்கே கோழி உறையாமல் புதிதாகப் போவதால் கடைகளில் கையிருப்பும் இல்லை. சுமார் 900 கடைகளில் பாதிக்கு மேல் மூடிக் கிடந்தன. நாட்டில் கோழிக்குப் பஞ்சமே இல்லை, கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் வழியில்லை. இங்கேயும் 2017-ல் வட இந்தியக் கூட்டாளியோடு மெக்டொனால்ட்ஸுக்குத் தகராறு முற்றியிருந்த நேரத்தில், டிசம்பரில் ராதாகிருஷ்ணா ஃபுட்லேண்ட் சரக்கை நிறுத்தியதும் வடக்கிலும் கிழக்கிலும் 80-க்கும் மேற்பட்ட கடைகள் மூடின. கனடாவின் வான்கூவர் துறைமுகப் பக்கம் வந்த வெள்ளத்தால் கப்பல் தாமதமானபோது, 2021 டிசம்பரில் ஜப்பான் மெக்டொனால்ட்ஸ் கடைகளில் சிறிய அளவு ஃப்ரைஸ் மட்டும்தான் தந்தார்கள்.

2023 ஜூலையில் தக்காளி விலை ஏறியது நினைவிருக்கும், தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றார்களே, அப்போது. வடக்கிலும் கிழக்கிலும் மெக்டொனால்ட்ஸ் கடைகள் தக்காளியையே எடுத்துவிட்டன. தரச் சோதனையில் தேறுகிற தக்காளி போதிய அளவு கிடைக்கவில்லை என்று அறிவிப்பு ஒட்டினார்கள். பலர் அதை விலைக்குப் பயந்த சாக்கு என்று நினைத்தார்கள். விலையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் மழையில் அடிபட்ட தக்காளி அவர்கள் அளவில் தேறாது என்பதும் உண்மைதான். ஓட்டல்காரர் அழுகியதை வெட்டிப் போட்டுவிட்டு மீதியைச் சட்னிக்குப் பயன்படுத்துவார். பர்கருக்குள் வட்டமாக வைக்கிற துண்டுக்கு அந்த வசதி இல்லை.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். விவசாயி நேராக மெக்டொனால்ட்ஸுக்கு விற்க முடியாது. அவர்களும் வாங்க மாட்டார்கள். நுழைகிற வாசல் பதப்படுத்துகிற நிறுவனம்தான். தமிழ்நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் கெர்கின் வெள்ளரி. பர்கருக்குள் புளிப்பாக ஒரு வட்டத் துண்டு இருக்குமே, அந்தச் சின்ன வெள்ளரி. 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் ஆரம்பித்து, தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பரவியது. உள்ளூரில் யாரும் வாங்குவதில்லை, கிட்டத்தட்ட எல்லாமே வினிகரிலும் உப்புநீரிலும் போட்டு ஏற்றுமதியாகிறது. உலகத் தேவையில் சுமார் 15 சதவீதம் இந்தியாவில் விளைகிறது என்று மத்திய அரசின் விவசாய ஏற்றுமதி அமைப்பான அபெடா சொல்கிறது. ஏறக்குறைய 90,000 சிறு, குறு விவசாயிகள் ஒப்பந்த முறையில் பயிரிடுகிறார்கள். விதையும் உரமும் நிறுவனம் கடனாகத் தரும், விலை முன்பே பேசியிருக்கும். காய் எவ்வளவு சின்னதோ அவ்வளவு விலை. ஒருநாள் பறிக்கத் தவறினால் காய் பெருத்து அடுத்த தரத்துக்கு இறங்கிவிடும். வீட்டு ஆட்கள் தினமும் வயலில் நிற்கக்கூடிய குடும்பத்துக்கு ஒத்துவரும் பயிர்; கூலி ஆளை மட்டும் நம்பினால் கையைக் கடிக்கும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நான் எல்லோரிடமும் பார்க்கச் சொல்வது சில வரிகள். கழிக்கப்பட்ட காய்க்கு என்ன விலை, அதைத் தரம் பிரிப்பது யார், நம் கண்முன்னே பிரிப்பார்களா? பணம் எத்தனை நாளில் வரும்? மழையில் பயிர் போனால் விதைக் கடன் யார் தலையில்? அப்புறம் விதை உரிமை. 2019-ல் பெப்சிகோ தன் சிப்ஸ் உருளை ரகத்தை அனுமதியில்லாமல் பயிரிட்டதாகக் குஜராத் விவசாயிகள்மேல் வழக்குப் போட்டு, சிலரிடம் தலா ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு வந்ததும் வழக்கைத் திரும்பப் பெற்றது. விவசாயிக்குத் தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்துவைக்கச் சட்டம் உரிமை தருகிறது, அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

தனி ஆளாகப் போகாமல் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து போனால் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். எந்த வயல், என்றைக்கு விதைத்தது, எந்த மருந்து, என்றைக்கு அடித்தது என்று ஒரு நோட்டில் இப்போதே எழுதத் தொடங்குங்கள். பதப்படுத்துகிற நிறுவனத்திலிருந்து ஆள் வந்தால் பயிரைப் பார்ப்பதற்கு முன் அந்த நோட்டைத்தான் கேட்பார். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் நிலம் இருந்தால் லெட்டியூஸ், சமவெளியில் சொட்டுநீர் வசதியோடு ஒரு ஏக்கர் இருந்தால் கெர்கின். முதல் பருவத்துக்கு அரை ஏக்கர் போதும்.